தெரிந்தால் மட்டும் அழுத்தவும்

மார்ச் 4

அறுவை அரங்கப் பொறுப்பாளர் அம்மா அவர்களுக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். மூன்று வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே, சமாதானத்துக்கு வருகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு ஒரு விவரம் வேண்டும். அது உன்னிடம்தான் இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் நான் கத்திவிடுவேன், அப்புறம் உன் அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யோசிக்காதே. கிடங்கில் பெட்டிகள்மேல் நம்பர் போடுகிற கறுப்பு மார்க்கர் இது. வரி கோணாமல் இருக்க ஓர் அட்டையை நகர்த்திக்கொண்டே எழுதுகிறேன். நீ கம்பெனிக்கு எழுதிய அந்த ஒரு பக்கக் கடிதத்துக்குப் பிறகு என்னைத் துறைமுகக் கிரேனிலிருந்து இறக்கி, இந்தக் கிடங்கில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால் மார்க்கருக்குப் பஞ்சம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வலது கண்ணை விட்டுவிடு, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரிகிறது. இடது கண்ணில்தான் என் பிழைப்பு. போன வருஷம் அதில் ஓர் ஆபரேஷன் செய்து, தண்ணீர் வடிய ஒரு வழி வெட்டினார்கள். எட்டு மாதம் நன்றாக இருந்தது. பிறகு தழும்பு விழுந்து வழி மூடிவிட்டது. இருபதுக்குள் இருக்க வேண்டிய கண் அழுத்தம், இப்போது நாலு வகைச் சொட்டு மருந்தும் மாத்திரையும் போட்டும் இருபத்தெட்டில் நிற்கிறது.

டாக்டரம்மா மூன்று வழி சொல்கிறார். மூடிய வழிக்குப் பக்கத்திலேயே மறுபடி வெட்டித் திறப்பது, இந்த முறை தழும்பு விழாமல் இருக்க மருந்தை அதிகமாக வைப்பது. அல்லது கண்ணுக்குள் ஒரு குழாய் வைப்பது. அல்லது தண்ணீர் சுரக்கிற இடத்தையே லேசரால் சுடுவது. அவருக்கு முதல் வழிதான் பிடித்திருக்கிறது. ஆனால் முடிவு நான்தான் சொல்ல வேண்டுமாம். பெட்டியைத் தூக்கவா இறக்கவா என்று கேட்டால் சொல்லிவிடுவேன், இதில் எனக்கு என்ன தெரியும்?

நீ ஒன்பது வருஷமாக அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்று கத்தியும் நூலும் எடுத்துக் கொடுக்கிறவள். எதை எடுக்கலாம் என்று எழுது. போன மாதம் எடுத்த பார்வைச் சோதனைத் தாளின் நகலை இத்தோடு வைத்திருக்கிறேன். வேறு எதையும் பற்றி எழுத வேண்டாம்.

உன் அண்ணன்

*

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

வேறு எதையும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். சரி, விவரம் மட்டும் எழுதுகிறேன். நீ படிக்க வசதியாக நானும் மார்க்கர் வாங்கிவிட்டேன். கடைக்காரர், "போஸ்டர் எழுதவா சிஸ்டர்?" என்று கேட்டார்.

கண்ணுக்குள் எந்நேரமும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் வடிந்துகொண்டே இருக்கும். உனக்கு ஊறுகிற அளவுக்கு வடிவதில்லை. தேங்கிய தண்ணீர் உள்ளே இருக்கிற நரம்பை அழுத்துகிறது. நரம்பில் செத்தது திரும்பி வராது. அதனால் எந்த ஆபரேஷன் செய்தாலும் பார்வை கூடாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் எல்லாமே. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

மறுபடி வெட்டித் திறப்பது: கண்ணின் வெள்ளையில் ஒரு சின்ன மூடி வெட்டுவார்கள். தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து மேல் இமைக்கு அடியில் ஒரு கொப்புளமாக நிற்கும். அழுத்தத்தை இதைப்போல் இறக்குவது வேறு எதுவும் இல்லை. எட்டு, ஒன்பது என்றுகூட வந்துவிடும். ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. அளவுக்கு மேல் இறங்கினால் கண் காற்றுப்போன பந்தாகிவிடும். பல வருஷம் கழித்துக்கூட அந்தக் கொப்புளத்தில் சீழ் பிடிக்கலாம். ஒரு முறை தழும்பு விழுந்த கண்ணில் இரண்டாம் முறை நிலைப்பது இன்னும் கடினம்.

குழாய்: தையல் நூலைவிடச் சற்றுத் தடித்த ஒரு குழாய். அதன் ஒரு முனை கண்ணுக்குள் இருக்கும். மறுமுனையில் ஒரு தகடு, அதைக் கண்ணின் பின்பக்கம் தைத்து மறைத்துவிடுவார்கள். தகட்டைச் சுற்றி உடம்பு தானாக ஓர் உறை கட்டிக்கொள்ள வேண்டும். அதற்காகக் குழாயை ஒரு நூலால் இறுக்கிக் கட்டி வைப்பார்கள், நூல் ஆறு வாரத்தில் தானே கரையும். அதுவரை அழுத்தம் குறையாமல் படுத்தும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பதின்மூன்று, பதினைந்தில் நிற்கும். ஓரிரண்டு சொட்டு மருந்து தொடரலாம். சிலருக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும். சில வருஷம் கழித்துக் குழாய் கருவிழிப் பக்கம் உரசுவதும் உண்டு. ஆனால் திடீரென்று கண்ணைக் கவிழ்ப்பது குறைவு.

லேசர்: கத்தி இல்லை, கால் மணி நேர வேலை. ஆனால் சுட்டது சுட்டதுதான், திருப்ப முடியாது. எவ்வளவு சுட்டால் எவ்வளவு இறங்கும் என்று கணக்காகச் சொல்லவும் முடியாது. உள்ளே வீங்கிப் பார்வை மங்கலாம். பெரும்பாலும் பார்வை ஏற்கெனவே போய்விட்ட கண்ணுக்கு, வலி குறைய வைத்துக்கொள்வார்கள். இப்போது கொஞ்சம் இதமான முறைகள் வந்திருக்கின்றன. உனக்கு இருக்கிற ஒரே கண்ணில் அதை நான் முதலாவதாகச் சொல்லமாட்டேன்.

எது நல்லது என்று பொதுவில் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எந்தக் கண்ணுக்கு, எவ்வளவு வேகமாகக் கெட்டுக்கொண்டிருக்கிற கண்ணுக்கு என்று கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்த டாக்டர்கள் இப்படி ஒரு முறை மூடிப்போன கண்ணுக்குப் பெரும்பாலும் குழாய்க்குப் போவார்கள். உன் டாக்டரம்மா முதல் வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அழுத்தத்தை மிகவும் கீழே இறக்க வேண்டும் என்று நினைக்கிறார். அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். என்ன காரணம் சொன்னார்?

பழைய சோதனைத் தாள்களை அவரிடம் கொடுத்தாயா? இந்த ஒரு வரியை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை

*

மார்ச் 19

பொறுப்பாளர் அம்மாவுக்கு,

கொடுத்தேன். ஏன் கொடுக்கக் கூடாது? கம்பெனிக்காக வருஷத்துக்கு ஒன்றாக எடுத்த எட்டுத் தாள், உன் ஆஸ்பத்திரி முத்திரை, அடியில் உன் கையெழுத்து. உன் அண்ணி ஒரு மஞ்சள் கோப்பில் அடுக்கிக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா நாலு வருஷத்துக்கு முந்தைய கடைசித் தாளையும் போன மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கண்ணு கிட்டத்தட்ட முழுசா இருந்திருக்கு. இப்ப நடுவுல ஒரு சாவித் துவாரம் அளவுதான் இருக்கு. இந்த வேகத்துல போனா அடுத்த வருஷம் இதுவும் இருக்காது. அதனாலதான் அழுத்தத்தை ஒம்பது, பத்துக்குக் கொண்டுவரணும்னு சொல்றேன். குழாய் அவ்வளவு கீழ இறக்காது" என்றார். இதுதான் நீ கேட்ட காரணம்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குள் விளக்கடித்து நரம்பைப் பார்த்துவிட்டு மறுபடி தாளைப் பார்த்தார். "நரம்பைப் பார்த்தா பழைய சேதம் மாதிரி இருக்கு. தாளைப் பார்த்தா புதுசா ஆன மாதிரி இருக்கு. இந்த டெஸ்ட் எல்லாம் சரியா எடுத்ததுதானா?" என்று நேராகக் கேட்டார். உன் அண்ணி என்னைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது.

"என் தங்கச்சிதான் எடுத்தா. அவ ரொம்பக் கறார்" என்றேன்.

வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? நீ எனக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் தோளில் விரலால் தட்டினாய், தட்டியபோதெல்லாம் நான் பொத்தானை அழுத்தினேன் என்றா? நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன், அதற்காக உன் சோற்றில் மண் போடுகிறவன் இல்லை. எட்டு வருஷம் நீயே தட்டிக் கொடுத்தாய், ஒன்பதாம் வருஷம் நீயே காட்டியும் கொடுத்தாய். இரண்டையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் வழிக்கே சரி சொல்லிவிட்டேன். ஏப்ரல் 9, காலை ஏழு மணிக்கு. உன் விவரத்துக்கு நன்றி.

உன் அண்ணன்

*

மார்ச் 25

அண்ணா,

உடனே அந்த டாக்டரம்மாவிடம் போ. நாளைக்கே போ. தாள்கள் பொய் என்று சொல். என் பெயரைச் சொல்லியே சொல். அவர் அந்த எட்டுத் தாள்களை நம்பித்தான் உனக்கு ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஏன் பதறுகிறேன் என்று புரியும்படி எழுதப் பார்க்கிறேன். நடுவில் மட்டும் பார்வை மிஞ்சிய கண்ணில் அழுத்தத்தைத் தடாலென்று மிகவும் கீழே இறக்கினால், எப்போதாவது ஒரு முறை, மிஞ்சிய அந்த நடுப்பகுதியும் அணைந்துவிடும். அரிதுதான். எங்கள் அரங்கத்தில் ஒருவருக்கு அப்படி ஆனது. கணக்கு வாத்தியார். மறுநாள் காலையில் கண்ணில் போட்ட கட்டை நான்தான் பிரித்தேன். "சிஸ்டர், இன்னொரு கட்டு உள்ள இருக்கு, அதையும் எடுங்க" என்றார். உள்ளே கட்டு எதுவும் இல்லை. வேகமாக அழிந்துகொண்டிருந்த கண் அது, அதனால் டாக்டர் தெரிந்தே அந்த ஆபத்தை எடுத்தார். அது நியாயம். உன் கண் வேகமாக அழியவில்லை அண்ணா. நாலு வருஷத்தில் ஆனது இல்லை இது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இதை உன் முகத்தைப் பார்த்து ஒரு நாளும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒவ்வொரு வருஷமும் உன்னை இரண்டு முறை சோதனைக்கு உட்கார வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? "முதல் தடவை சும்மா பழக்கத்துக்கு" என்பேன். அது பழக்கத்துக்கு இல்லை. அதுதான் நிஜச் சோதனை. அதில் நான் தட்டவில்லை. பாதி வெளிச்சம் யாருக்குமே தெரியாது என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். தாளை எடுத்துப் பார்ப்பேன், மடித்து என் பைக்குள் வைத்துக்கொள்வேன், பிறகு "இப்ப சரியா எடுக்கலாம்ணா" என்று உன்னைத் திரும்ப உட்கார வைத்துத் தட்டுவேன். நீ, "எவ்வளவுடா போயிருக்கு?" என்று கேட்பாய். "ஓரத்துல கொஞ்சம்" என்பேன். எட்டு வருஷமும் அதையேதான் சொன்னேன்.

முதல் வருஷம் கால்வாசி போயிருந்தது. "இந்த ஒரு வருஷம் மட்டும் தள்ளிவிடு, கீழே இறக்கிவிட்டால் நான் செத்துப்போவேன்" என்று நீ சொன்னாய். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்து அந்தச் சோதனை அறை வேலையில் உட்கார வைத்தவன் நீ. மறுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் மறுத்தால் முந்தைய வருஷத்துப் பொய் வெளியே வரும். அப்படியே போய்விட்டது. நான் அரங்கத்துக்கு மாறிய பிறகும் உன் சோதனையை மட்டும் நானே எடுக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எட்டாம் வருஷம் நீ அழுத்தியதில் பத்துக்கு ஏழு என் விரல் அழுத்தியது. உனக்கு அது தெரியாது. எல்லா வெளிச்சத்துக்கும் நான் தட்டியதால், பெரும்பாலானவை உனக்கே தெரிகின்றன, எங்கேயோ ஒன்றிரண்டுக்குத்தான் என் விரல் தேவைப்படுகிறது என்று நினைத்திருந்தாய்.

ஒன்பதாம் வருஷம் நீ வந்தபோது சோதனை அறை வாசலில் கையை நீட்டினேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றாய். நீட்டிய கை உனக்குத் தெரியவே இல்லை. அன்றுதான் இனிமேல் தட்டமாட்டேன் என்றேன். நீ கோபித்துக்கொண்டு போனாய், வேறு எங்காவது எடுத்துக்கொள்வேன் என்றாய். அன்று மாலையே கம்பெனிக்கு எழுதினேன். எழுதியதிலும் கோழைத்தனம்தான் அண்ணா. "பார்வை குறைந்திருப்பதாகத் தெரிகிறது" என்று எழுதினேன், எட்டு வருஷமாகத் தெரியும் என்று எழுதவில்லை.

அந்த எட்டு நிஜத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் கடைசியையும் நீ அனுப்பிய நகலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்வை போன இடத்தைக் காட்டுகிற கறுப்புப் புள்ளிகளில் இரண்டுதான் வித்தியாசம். நாலு வருஷத்தில் இரண்டே புள்ளி. மெதுவாகப் போகிற கண் அது. அதற்குக் குழாய் போதுமானதாக இருக்கலாம். முடிவு டாக்டரம்மாவுடையது. ஆனால் அவர் நிஜத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை சொல்.

உன் தங்கை

*

மார்ச் 30

உன் கடிதத்தை நானே படித்தேன். உன் அண்ணியிடம் கொடுக்கவில்லை. ஒரு முழு மத்தியானம் ஆனது.

ஓரத்தில் கொஞ்சம் என்று சொன்னாயே. எட்டு வருஷம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயே. நான் பொய்ச் சான்றிதழ் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன், அது என் தப்பு. ஆனால் உனக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லாதே என்று நான் கேட்கவில்லை. கம்பெனியை ஏமாற்றத்தான் உன்னிடம் வந்தேன். நீ என்னையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறாய்.

உனக்கு ஒன்று தெரியாது. யாருக்கும் தெரியாது. நீ கம்பெனிக்கு எழுதுவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். பதினோரு மாடி உயரத்தில் கேபின், காலடியில் கண்ணாடி, அதன் வழியாகத்தான் கீழே பார்க்க வேண்டும். பெட்டி கட்டுகிறவர்களில் ஒருவன், சிவப்பு ஹெல்மெட், இடது பக்கமாக உள்ளே வந்திருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம்கூடத் தெரியவில்லை. வாக்கிடாக்கியில் "நிறுத்து, நிறுத்து" என்று அலறினார்கள். நிறுத்தினேன். பெட்டி அவன் தலைக்கு மேல் ஒரு முழத்தில் நின்றது. அவன் விலகி வந்து, மேலே பார்த்துக் கையை ஆட்டினான். நான் பார்த்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்து எனக்கு நன்றி சொல்கிறான்! நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன்.

அன்று வீட்டுக்குப் போகும்போது, எனக்கு ஓரத்தில்தானே கொஞ்சம் போயிருக்கிறது, இது கவனக்குறைவு, நாளையிலிருந்து கவனமாக இருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். உன் வார்த்தையை நம்பி மறுநாளும் மேலே ஏறினேன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள்.

உன் கடிதம் கம்பெனிக்குப் போனதற்காக மூன்று வருஷம் உன்மேல் கோபமாக இருந்தேன் என்று நினைக்கிறாய். நீ எழுதியது சரிதான் என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்ததால்தான் உன்னோடு பேச முடியவில்லை. இப்போது உண்மையிலேயே கோபப்பட ஒரு காரணம் கொடுத்துவிட்டாய்.

டாக்டரம்மாவிடம் நான் போகமாட்டேன். நீயும் எழுதக் கூடாது. எழுதினால் உன் வேலை போகும், உன் பெயர் போகும், அதற்கு மேலும் எதுவும் நடக்கலாம். ஏற்கெனவே ஒரு முறை எனக்குத் தெரியாமல் எழுதினாய். இரண்டாவது முறை செய்தால் எனக்குத் தங்கை இல்லை. ஒன்பதாம் தேதி என்ன ஆகிறதோ ஆகட்டும்.

*

ஏப்ரல் 3

அண்ணா,

நேற்று அனுப்பிவிட்டேன். எட்டு நிஜத் தாள்கள், அதோடு நாலு பக்கக் கடிதம். உன் டாக்டரம்மாவுக்கு நேராகக் கிடைக்கும்படி ஆள் மூலமாகக் கொடுத்தனுப்பினேன். இன்று காலை எங்கள் தலைமை டாக்டரின் அறைக்குப் போய் அதே கடிதத்தின் நகலை மேஜைமேல் வைத்தேன். அவர் படித்து முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தேன். "உக்காரும்மா" என்றார். உட்காரத் தோன்றவில்லை.

இந்த முறை "தெரிகிறது" என்று எழுதவில்லை. "நான் செய்தேன்" என்று எழுதினேன்.

உன்னைக் கேட்காமல் இரண்டாவது முறையும் எழுதிவிட்டேன். தங்கை இல்லை என்றாய். சரி. சிவப்பு ஹெல்மெட்காரரைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு வேறு வழி இல்லை. எட்டு வருஷமும் நீ ஒவ்வொரு நாள் காலையிலும் ஏணியில் ஏறும்போது கீழே யார் யார் நடந்தார்களோ, அவர்களைப் பற்றி நான் ஒரு முறைகூட நினைத்ததில்லை. உன்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன். அதை நினைத்தால் எனக்கு என்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

எந்த ஆபரேஷன் என்று டாக்டரம்மா மாற்றிச் சொன்னால் வீம்புக்கு மறுத்துவிடாதே. அவர் என் பக்கமும் இல்லை, உன் பக்கமும் இல்லை, கண்ணின் பக்கம் இருக்கிறவர். கண்ணில் மருந்து விட்ட பிறகு கையால் தேய்க்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

தங்கை

*

மே 20

அண்ணா,

அண்ணியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "குழாய்தான் வெச்சாங்க. நல்லா இருக்கார். உன்னைப் பத்திப் பேச விடமாட்டேங்கறார்." அது போதும் எனக்கு. அதைப் பத்து முறை படித்திருப்பேன்.

நாளையோடு ஆறு வாரம். நூல் கரைகிற சமயம். திடீரென்று பார்வை கலங்கலாகத் தோன்றினாலும், கண் கூசி வலித்தாலும் பயப்படாதே, ஆனால் காத்திருக்காமல் டாக்டரம்மாவிடம் போய்விடு. அழுத்தம் இறங்க ஆரம்பிக்கும்போது அப்படி ஆவது உண்டு.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது. மறுபடி அரங்கத்துக்குள் விடமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், விடக் கூடாது என்றும் நினைக்கிறேன். காலையில் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எங்கேயும் போக வேண்டாம் என்பது ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இதை எழுதவில்லை. நூலைப் பற்றிச் சொல்லத்தான் எழுதினேன்.

தங்கை

*

ஜூலை 14

சுண்டெலிக்கு,

உன் செல்லப் பெயரை எழுதி எவ்வளவு நாள் ஆயிற்று என்று உன் அண்ணி கணக்குப் பார்த்துச் சொன்னாள். உறையின்மேல் வேறு பெயர் எழுதியிருக்கிறேன், தபால்காரர் சிரிப்பார் என்று.

நூல் நீ சொன்னதற்கு இரண்டு நாள் கழித்துக் கரைந்தது. நீ சொன்ன மாதிரியே கலங்கியது, வலித்தது. உன் கடிதம் முந்தின நாள்தான் வந்திருந்தது, அதனால் தெருவே கூடும்படி நான் கத்தவில்லை. இப்போது அழுத்தம் பதினாலு. ஒரே ஒரு சொட்டு மருந்து. கண்ணுக்குள் குழாய் வேலை நடந்திருக்கிறது என்று கிடங்கில் என்னைப் பிளம்பர் என்று கூப்பிடுகிறார்கள்.

உன் பொட்டலம் போன மறுநாளே டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். எட்டுத் தாள்களோடு பிப்ரவரித் தாளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து என் சாவித் துவாரத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். என் கண்ணின் பதினொரு வருஷத்தை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். இருட்டு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருக்கிறது. "இது வராம இருந்திருந்தா நான் முதல்ல சொன்னதையேதான் செஞ்சிருப்பேன். நல்லாவும் முடிஞ்சிருக்கலாம், வேற மாதிரியும் முடிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார். தெரியாது என்று சொல்கிற டாக்டரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. அதில் பாதி என்மேல்தான். மீதிப் பாதியை நேரில் திட்டித் தீர்க்க வேண்டும்.

சிவப்பு ஹெல்மெட்காரனைப் போய்ப் பார்த்தேன். அன்று நடந்ததைச் சொன்னேன். "நான் உங்களுக்குக் கைய ஆட்டினேனேண்ணே" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசுவதில்லை. அது அவன் உரிமை.

முந்தாநாள் மறுபடி பார்வைச் சோதனை. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். புதுப் பெண் ஒருத்தி, குரலைக் கேட்டால் உன் அந்தக் காலத்து வயதுதான் இருக்கும். தாடையை வைக்கச் சொன்னாள், நடுவில் இருக்கிற மஞ்சள் விளக்கையே பார்க்கச் சொன்னாள், பொத்தானைக் கையில் கொடுத்தாள். "வெளிச்சம் தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க சார். தெரியலன்னா சும்மா இருங்க" என்றாள்.

ஆரம்பித்தது. ஒன்று தெரிந்தது, அழுத்தினேன். இன்னொன்று தெரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. இயந்திரம் உள்ளே நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ வெளிச்சம் வந்து வந்து போகிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது எனக்கு இல்லை. என் வலது தோள் காத்துக்கொண்டே இருந்தது சுண்டெலி. எட்டு வருஷப் பழக்கம். விரல் வரும், விரல் வரும் என்று. வரவில்லை. நான் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் அசையாமல் கேபினில்கூட உட்கார்ந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் துடைக்கவில்லை.

அந்தப் பெண் குனிந்து, "சார், தூங்கிட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் தெரியல. அதான் அழுத்தல" என்றேன்.

எனக்குத் தெரியவில்லை என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் சொன்னது அதுதான் முதல் தடவை. பிப்ரவரியில்கூட வாயைத் திறக்காமல்தான் எழுந்து வந்தேன். தாள் வந்தது. பிப்ரவரியில் எடுத்ததற்கும் இதற்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. இருந்தது அப்படியே இருக்கிறது.

விசாரணை எப்படி முடிந்தாலும் ஒரு வாரம் இங்கே வந்து இரு. உன் அண்ணி அறையை ஒழித்து வைத்துவிட்டாள். வந்தால் பக்கத்தில் உட்காராதே, எதிரில் உட்காரு. முகம் முழுசாக ஒரே தடவையில் தெரியாது, நெற்றியிலிருந்து ஆரம்பித்துத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும், நேரம் ஆகும். வாசலில் கையை நீட்டினால் கொஞ்சம் உயர்த்தி, என் கண்ணுக்கு நேராக நீட்டு. தெரிந்தால் பிடித்துக்கொள்கிறேன். தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்கிறேன்.

அண்ணன்